நல்லாசிரியர் விருதுக்கு ஒரு பொறியியல் பேராசிரியரைப் பரிந்துரைப்பது எப்படி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், வாளையாறுக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் அருகில், தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் சிவில் துறை ஆசிரியராக இருக்கிறேன். முதலாண்டில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியை இன்றும் அதே துறையில் பணியாற்றுகிறார். தமிழ்ப் பிள்ளைகள் அவரை மேடம் என்பார்கள். மலையாளப் பிள்ளைகள் மிஸ் என்பார்கள். அவரை நான் இரண்டு முறை விருதுக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். முதல் முறை 86 பக்கங்கள் அனுப்பினேன், கிடைக்கவில்லை. இரண்டாம் முறை 19 பக்கங்கள் அனுப்பினேன், கிடைத்தது. இடையில் கற்றுக்கொண்டதை, தம் ஆசிரியருக்கோ உடன் பணியாற்றுபவருக்கோ இந்த வேலையைச் செய்ய விரும்புபவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அறிவிப்பைப் படிப்பது

மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருது நெடுங்காலம் பள்ளி ஆசிரியர்களுக்கு உரியதாகவே இருந்தது. 2023ஆம் ஆண்டு முதல் உயர்கல்வி நிறுவனங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பணியாற்றும் ஆசிரியர்களுக்கும் அது வழங்கப்படுகிறது. ராதாகிருஷ்ணன் பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று, சான்றிதழும் வெள்ளிப் பதக்கமும் 50,000 ரூபாயும் அளிக்கிறார்கள். இதைத் தவிர, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு பொறியாளர் விசுவேசுவரய்யாவின் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தியிருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கத்துக்கும் தனியே ஆசிரியர் விருதுகள் உண்டு. வயது வரம்பு, குறைந்தபட்சப் பணிக்காலம், நிரந்தரப் பணியா என்ற கேள்வி, யார் பரிந்துரைக்கலாம் என்ற விதி ஆகியவை விருதுக்கு விருது வேறுபடும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும். சென்ற ஆண்டின் நகலை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காமல், நடப்பாண்டு அறிவிப்பை அச்செடுத்து, பென்சிலால் கோடிட்டுப் படிக்க வேண்டும். தகுதி இல்லையென்றால் அன்றே தெரிந்துவிடும். ஒரு மாத உழைப்பு மிஞ்சும்.

இன்னொன்றையும் முன்னதாகவே செய்துவிட வேண்டும். பரிந்துரைக்கப் போகிறோம் என்பதை அந்த ஆசிரியரிடமே சொல்லி, அவருடைய இசைவைப் பெற வேண்டும். எங்கள் மேடம் முதலில் மறுத்தார். பிறகு, "என் பசங்க எழுதுன பேப்பரை மட்டும் பத்திரமா திருப்பிக் குடு" என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

முதல் கோப்பில் நான் செய்த பிழை

என் முதல் கோப்பில் எல்லாம் இருந்தது. அவர் கலந்துகொண்ட பயிற்சி முகாம்களின் சான்றிதழ்கள் இருந்தன. கருத்தரங்குகளில் பொன்னாடை போர்த்தும் படங்கள் இருந்தன. தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டும் வண்ணப் படங்கள் இருந்தன. முன்னாள் மாணவர்கள் ஆறு பேர் எழுதிய கடிதங்கள் இருந்தன. அர்ப்பணிப்பு மிக்கவர், ஊக்கமளிப்பவர், தாயைப் போன்றவர் என்ற சொற்கள் எத்தனை முறை வந்தன என்று நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. ஓராண்டு கழித்து அதை எடுத்து, அவர் பெயர் வரும் இடங்களையெல்லாம் விரலால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். துறையில் உள்ள வேறு யாருடைய பெயரை இட்டாலும் அது அப்படியே பொருந்தியது. அவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பது 86 பக்கங்களில் ஓரிடத்திலும் இல்லை.

இந்தச் சோதனையை எவரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம். பெயரை மறைத்த பின்னும் இன்னார்தான் என்று துறையில் உள்ளவர்கள் கண்டுபிடிக்கும்படி ஒரு பக்கமாவது இருந்தால் கோப்புக்கு உயிர் இருக்கிறது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவரும் ஆசிரியர்தான். நூறு கோப்புகளில் நூறு தாய்மார்களைப் பார்த்துச் சலித்தவர். அவர் அறிய விரும்புவது ஒன்றே: இந்த ஆசிரியரிடம் வருவதற்கு முன் மாணவரால் எது இயலவில்லை, வந்த பின் எது இயன்றது, இடையில் ஆசிரியர் செய்தது என்ன. கோப்பில் சேரும் ஒவ்வொரு தாளும் இந்தக் கேள்விக்கு ஒரு துளியாவது விடை சொல்ல வேண்டும். சொல்லாத தாளை, அது எவ்வளவு பெரிய முத்திரையைத் தாங்கியிருந்தாலும், வெளியே வைத்துவிடலாம்.

வகுப்பில் போய் உட்காருவது

ஆகவே முதல் வேலை வகுப்பில் நடப்பதைப் பார்ப்பதாகும். ஆசிரியரின் அனுமதியோடு, மூன்று வெவ்வேறு நாட்களில், கடைசி பெஞ்சில் உட்காருங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஆசிரியர் செய்வதையும் வலப்பக்கம் மாணவர்கள் செய்வதையும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நேரத்தோடு குறித்து வாருங்கள். பெரும்பாலான வகுப்புகளில் வலப்பக்கம் முழுவதும் 'எழுதிக்கொள்கிறார்கள்' என்ற ஒரே சொல்லாக நிற்கும். வலப்பக்கம் நிறைகிற வகுப்பு அரிது. அறிவியல், பொறியியல் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கட்டுரை, ஆசிரியர் மட்டுமே பேசும் வகுப்பில் மாணவர் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர்களும் இயங்கும் வகுப்பில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்கு என்று கண்டது. எனவே வலப்பக்கக் குறிப்பு வெறும் வர்ணனையாக நின்றுவிடாமல் சான்றாகவும் எண்ணப்படும்.

நான் பார்த்த மூன்று நாட்களில் ஒரு நாள் மேடம் முதலாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். அவர் கையில் தேங்காய் நார்க் கயிறு ஒன்று இருந்தது. வராந்தாவில் உருண்டையான கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். கயிற்றை ஒரு தூணில் ஒரே ஒரு சுற்று சுற்றி, ஒரு முனையை நான்கு ஆண் பிள்ளைகளிடம் கொடுத்தார். மறு முனையை, வகுப்பிலேயே ஒல்லியான பெண்ணிடம் கொடுத்தார். இழுக்கச் சொல்வதற்கு முன் எல்லோருக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, அந்தப் பெண் ஒற்றைக் கையால் நால்வரையும் நிறுத்தி வைக்க எத்தனை சுற்று வேண்டும், சுற்று இரண்டானால் அவள் கொடுக்க வேண்டிய விசை எவ்வளவு குறையும் என்று எழுதச் சொன்னார். பேசிக்கொள்ளக் கூடாது, பெயரும் தேதியும் எழுத வேண்டும். சீட்டுகளை வாங்கி உறையில் போட்ட பிறகுதான் "ம், இழுங்க" என்றார்.

ஒரு சுற்றில் அந்தப் பெண் இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய வேண்டியிருந்தது. இரண்டு சுற்றில் இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பட்டாவைச் சரிசெய்தாள். மூன்று சுற்றில் இரண்டு விரல் போதுமாக இருந்தது. நான்கு பேரும் செருப்பு தேய இழுத்தும் கயிறு நகரவில்லை. வாளையாற்றில் லாரிக்குக் கயிறு கட்டும் ஒருவருடைய மகன், "எங்கப்பா இதத்தான் பண்ணுவாரு மிஸ், ஆனா ஏன்னு கேட்டதில்ல" என்றான். அதன் பிறகே அவர் கரும்பலகைக்குப் போய், சுற்று ஏற ஏறப் பிடிப்பு கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது என்பதைச் சமன்பாடாக வருவித்தார். உராய்வுக் கெழுவை (கயிறும் தூணும் எவ்வளவு உராய்கின்றன என்பதைக் காட்டும் எண்) 0.3 என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6.6 மடங்கு, இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு, மூன்று சுற்றுக்கு 285 மடங்கு. தூண் பருத்ததா மெலிந்ததா என்பது கணக்கிலேயே வராது என்று சொன்னபோது பின்வரிசையில் ஒருவன் எழுந்து அந்தத் தூணை ஒரு முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தான். இவ்வளவையும் நான் வலப்பக்கத்தில் குறித்திருந்தேன்.

கோப்புக்குப் பொன்னானவை அந்தச் சீட்டுகள். 58 சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் 'பாதியாகும்' என்றே இருந்தது. இரண்டு சுற்று என்றால் இரண்டு மடங்கு என்பது மனிதருக்கு இயல்பாக வரும் ஊகம். ஒரு மாதம் கழித்து, பருவத்தின் நடுவே கல்லூரியே நடத்தும் சீரீஸ் தேர்வில் அவர் கயிற்றையும் தூணையும் விட்டுவிட்டு, அரிசி மில்லின் பெல்ட்டை வைத்து அதே கருத்தைக் கேட்டிருந்தார். சீட்டில் 'பாதி' என்று எழுதிய அதே மாணவரின் விடைத்தாளை நகலெடுத்து, இரண்டையும் பெயரை மறைத்து ஒரே பக்கத்தில் ஒட்டினேன். அந்த ஒரு பக்கத்துக்கு முன் என் பழைய வண்ணப் படங்கள் நிற்காது.

உங்கள் ஆசிரியர் சீட்டு வாங்குபவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நன்றாகக் கற்பிக்கும் ஒவ்வொருவரிடமும் இப்படிப்பட்ட மிச்சங்கள் இருக்கும்: சிவப்பு மையில் கேள்வியாகவே திருத்திய ஆய்வக ரெக்கார்டுகள், ஒரே வினாவின் ஐந்தாண்டு வடிவங்கள், மாணவர் வரைந்த தவறான விசைப்படத்தை அழிக்காமல் பக்கத்திலேயே சரியானதை வரைய வைத்த நோட்டுகள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பு நாடானதிலிருந்து, அங்கீகாரம் வேண்டும் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கோப்பு வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோப்புகளைப் பற்றி நாமெல்லாம் முணுமுணுக்கிறோம். பரிந்துரை எழுதும் நாளில்தான் அவற்றின் அருமை தெரிகிறது. அலமாரியைத் திறந்து கேளுங்கள்.

எண்களைப் பற்றி

தேர்ச்சி விழுக்காட்டை வைத்து எதையும் நிறுவ முயலாதீர்கள். ஒரு ஆண்டு நல்ல பிள்ளைகள் சேர்வார்கள், அடுத்த ஆண்டு வினாத்தாள் கடினமாக வரும். 72 என்பது 84 ஆனதற்கும் ஆசிரியருக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இது குழுவில் உள்ளவர்களுக்கு நன்றாகவே தெரியும். எண் வேண்டுமென்றால், அதே வகுப்பு, அதே பருவத்தில் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தது என்பதை அருகில் வையுங்கள். அல்லது முதல் சீரீஸில் பின்தங்கிய மாணவர்கள் இரண்டாம் சீரீஸில் எங்கே நின்றார்கள் என்பதை வையுங்கள். எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே தோல்விக்கு இரண்டு பெயர். கோயம்புத்தூர்ப் பக்கம் படித்தவர்கள் அரியர் என்பார்கள், இங்கே சப்ளி என்பார்கள். சப்ளி வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாய்ப்பிலேயே தேறினார்கள் என்பது, முதல் முயற்சியில் தேறியவர்களின் எண்ணிக்கையை விட ஒரு ஆசிரியரைப் பற்றி அதிகம் சொல்லும்.

மாணவர் மதிப்பீட்டுப் படிவங்களையும் அளவோடு பயன்படுத்துங்கள். ஐந்துக்கு 4.7 என்ற எண், இன்டர்னல் மார்க்கைத் தாராளமாகப் போடுபவருக்கும் கிடைக்கும். படிவத்தின் அடியில் கையால் எழுதிய வரிகள் இருந்தால் அவற்றை எடுங்கள். கடுமையான வரிகளையும் ஒன்றிரண்டு சேருங்கள். எங்கள் கோப்பில், "மிஸ் விடையைச் சொல்லவே மாட்டார், திரும்பத் திரும்பக் கேள்விதான் கேட்பார், எரிச்சலாக இருக்கும்" என்ற வரியை அப்படியே வைத்தேன். பாராட்டாக எழுதப்பட்டதல்ல; ஆனாலும் அதை விடச் சிறந்த பாராட்டு அந்தக் கட்டில் இல்லை.

வழிகாட்டலை எப்படி எழுதுவது

கற்பித்தலுக்குத் தாள் மிஞ்சும், வழிகாட்டலுக்கு மிஞ்சாது. அது வராந்தாவிலும் கேன்டீனிலும் தொலைபேசியிலும் நடக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஃபேகல்டி அட்வைசர் ஒருவர் உண்டு. அவர் வைக்கும் பதிவேட்டில் வருகைக் குறைவு, சந்தித்த தேதி, கையெழுத்து ஆகியவை இருக்கும். அதைக் கொண்டு எத்தனை முறை சந்தித்தார் என்று நிறுவலாம், அவ்வளவுதான். சந்தித்து என்ன செய்தார் என்பதற்கு நீங்கள்தான் ஆட்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

2014இல் தொடங்கிய எங்கள் பல்கலைக்கழகம் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கியது. ஆகையால் இங்கே எந்தப் பாராட்டு விழாவிலும் ஒரு நிகழ்ச்சி தவறாமல் சொல்லப்படும்: சென்னை எம்.ஐ.டி.யில் விமான வடிவமைப்புப் பணியில் பின்தங்கிய கலாமுக்குப் பேராசிரியர் சீனிவாசன் மூன்றே நாள் கெடு கொடுத்து, முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்தது. பேசுபவர்கள் கெடுவோடு நிறுத்திக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை, டென்னிஸ் ஆடிய உடையிலேயே அவர் வந்து மாணவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றதையும் கலாம் சொல்லியிருக்கிறார். கெடு விதிப்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறார்கள். விடுமுறை நாளில் வந்து பார்ப்பவரைப் பற்றித்தான் பரிந்துரைக் கோப்பில் எழுத வேண்டும். எந்த நாள், எங்கே, என்ன பார்த்தார், என்ன சொன்னார் என்பதோடு எழுத வேண்டும்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலை மேடம் கையாண்ட விதத்தை இரண்டாம் கோப்பில் இரண்டு பக்கம் எழுதினேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கல்லூரியில் பாடம் ஆங்கிலமும் மலையாளமும் கலந்து நடக்கும். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். ஒரு மாணவர் தேர்வில் தொடர்ந்து, தூணின் மேல் இன்னவளவு 'ஸ்ட்ரெங்த்' செயல்படுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தார். ஃபோர்ஸ் என்று எழுத வேண்டிய இடம் அது. திருத்துபவர்கள் சுழித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அவரும் கவனக் குறைவு என்று திட்டு வாங்கிக்கொண்டார். மேடம் மட்டும் அவரை உட்கார வைத்து, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். விடுதியில் உடன் தங்கியிருந்த மலையாள நண்பர் பாடம் சொல்லிக் கொடுத்தபோது விசையை, தாம் பள்ளியில் படித்தபடி, 'பலம்' என்றார். மலையாளப் பாடநூலில் விசைக்கு அதுதான் சொல். தமிழ்க் காதுக்குப் பலம் என்றால் வலிமை. வலிமை என்றால் ஸ்ட்ரெங்த். பையன் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்திருக்கிறான். சிவில் துறையிலோ தூணின் மேல் செயல்படுவது ஒன்று, தூண் தாங்கவல்லது இன்னொன்று. இரண்டும் குழம்பினால் பின்னால் வரும் வடிவமைப்புப் பாடம் முழுவதும் குழம்பிவிடும்.

அன்று முதல் அவர் வகுப்பின் பின்சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது, மூன்று பத்தி. விசை, பலம், ஃபோர்ஸ். நிறை, பிண்டம், மாஸ். எடை, பாரம், வெயிட். உராய்வு, கர்ஷணம், ஃப்ரிக்ஷன். மாணவர்களே சேர்க்கிறார்கள். நிறைக்குப் பிண்டம் என்று முதலில் பார்த்த தமிழ்ப் பிள்ளைகள் சிரித்ததும், சிரித்ததாலேயே மறக்காமல் போனதும் வேறு கதை. கோப்பில் அந்தச் சார்ட்டின் படத்தையும், பையனின் பழைய விடைத்தாள் ஒன்றையும், புதியது ஒன்றையும் சேர்த்தேன்.

எழுதக் கூடாதவை சில உண்டு. கட்டணம் கட்ட முடியாமல் நின்ற மாணவர், வீட்டில் சாவு, மனம் உடைந்து மருத்துவரிடம் போனவர் போன்றவற்றில்தான் வழிகாட்டி உண்மையாகவே உழைத்திருப்பார். ஆனாலும் அந்தப் பிள்ளையின் துயரம் இன்னொருவருடைய விருதுக்குச் சான்றாகக் கூடாது. எழுதியே ஆக வேண்டுமென்றால் அந்த மாணவரிடம் வரைவைப் படித்துக் காட்டி, எழுத்தில் இசைவு பெற்று, ஊர், சாதி, பெயர், ஆண்டு எதுவும் தெரியாதபடி எழுத வேண்டும். சிறிய ஊரில் பெயரை மட்டும் மறைத்தால் போதாது.

புராஜெக்ட் வேலை

இறுதியாண்டு புராஜெக்ட்டைக் காட்டும்போது அழகாக பைண்டு செய்த அறிக்கையை விட, அது தவறிய இடத்தைக் காட்டுங்கள். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியாகப் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். வந்ததா வரவில்லையா என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்கள் எங்கள் மாணவர்கள். நான்கு பேர் ஒரு கிளை வாய்க்காலின் நீரோட்டத்தை மிதவை முறையில் அளக்கப் போனார்கள். முதல் வாரம் அளந்ததை விட இரண்டாம் வாரம் மேல்பரப்பு வேகம் மிக அதிகமாக இருந்தது. நீர் மட்டமோ ஏறவில்லை. மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?"

மார்கழி மாதம். கணவாயில் கிழக்குக் காற்று வீசத் தொடங்கினால் துணி கொடியில் நிற்காது. அவர்கள் மிதக்க விட்டது தெர்மோகோல் துண்டு. அது நீரோடு போகாமல் காற்றோடு போயிருக்கிறது. அடுத்த முறை ஆரஞ்சுப் பழத்தைக் கொண்டு போனார்கள். அது பெரும்பகுதி நீருக்குள் மூழ்கி மிதப்பதால் காற்றுக்குச் சிக்காது. இரண்டு அட்டவணைகளையும் அருகருகே கோப்பில் வைத்து, இடையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் அச்சிட்டேன்.

கடிதங்கள்

முதல் மதிப்பெண் பெற்றவர்களிடம் மட்டும் கடிதம் கேட்காதீர்கள். அவர்கள் யாரிடம் படித்திருந்தாலும் தேறியிருப்பார்கள். ஒரு பாடத்தில் மூன்று முறை தோற்றவர், படிப்பை விட்டுவிட நினைத்துத் திரும்பியவர், வளைகுடாவில் சைட் எஞ்சினியராக இருப்பவர் ஆகியோரிடம் கேளுங்கள். அந்த ஆசிரியரின் முறையோடு ஒத்துப்போகாத உடன் ஆசிரியர் ஒருவரிடமும் கேளுங்கள். நான்கு கடிதம் போதும். "மேடத்தைப் பற்றி எழுது" என்று கேட்டால் வாழ்த்துமடல்தான் வரும். "அவர் கேட்ட எந்தக் கேள்வி இன்னும் நினைவிருக்கிறது, அது எங்கே உதவியது?" என்று கேட்டால் நடந்தது வரும்.

கடிதத்தை அவரவர் மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். குழுவுக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தையும் உடன் வையுங்கள். பெயர்க்கும்போது அழகுபடுத்தும் ஆசையை அடக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தகப்பனார், "மேடம் ரெண்டு வாட்டி போன் பண்ணுனாங்க, நான் எடுக்குல. மூணாவது வாட்டி ஊட்டுக்கே வந்துட்டாங்க. திண்ணைல உக்காந்து மோர் குடிச்சுப்போட்டு, புள்ளய நாளைக்கு அனுப்புங்கன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். முதல் கோப்பில் இதை நான் ஆங்கிலத்தில், மாணவர் நலனில் ஆழ்ந்த அக்கறை கொண்டவர் என்று ஒரே வரியில் பெயர்த்திருந்தேன். எடுக்காத இரண்டு அழைப்புகளும் திண்ணையும் மோரும் போய்விட்டன. போனதோடு நம்பகமும் போய்விட்டது. இரண்டாம் முறை சொல்லுக்குச் சொல் வைத்தேன்.

கோர்ப்பதும் அனுப்புவதும்

முதல் பக்கத்தில் அந்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை எட்டுப் பத்து வரியில், பெயரெச்ச மாலைகள் இல்லாமல் எழுதுங்கள். அடுத்து, வலுவான சான்று முதலில் வரும்படி தாள்களை அடுக்குங்கள். ஒவ்வொரு தாளின் மேலும், இது எந்த வகுப்பு, எந்த மாதம், இதில் எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரி இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரைகளை அறிவிப்பு கேட்கும் அளவுக்கு மட்டும் பட்டியலிடுங்கள். கற்பித்தலுக்கான விருதில் அவை ஓரமாகவே நிற்கும். கல்லூரி முதல்வரின் சான்றொப்பத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் இணையதளம் நகராது என்பதை அனுபவமுள்ள யாரும் சொல்வார்கள். இரண்டு நாள் முன்பே பதிவேற்றிவிட்டு ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வையுங்கள்.

பதிவேற்றுவதற்கு முன் ஆசிரியரிடம் முழுவதையும் படிக்கக் கொடுக்க வேண்டும். சம்பவங்களில் பிழை இருந்தால் அவருக்குத்தான் தெரியும். நான் 19 பக்கங்களையும் மேடத்தின் மேசையில் வைத்தேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டார், பழக்கம். பாராட்டு வரிகள் எதிலும் கை வைக்கவில்லை. கயிற்றுப் பக்கம் வந்ததும், இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு என்று நான் எழுதியிருந்ததைச் சுழித்தார்.

"இது புஸ்தகத்து எண். அடுத்த நாள் ஸ்பிரிங் பேலன்ஸ் வெச்சு அளந்தோமே, நீ வரல. கயிறு ஈரம். 23தான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தம் நோட்டைத் தேடி எடுத்தார். இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு என்றால் உராய்வுக் கெழு 0.25 என்று மாணவர் ஒருவரின் கையெழுத்தில் கணக்கும் அதில் இருந்தது. அந்தப் பக்கத்தை நகலெடுத்து, என் எண்ணை மாற்றி, அதன் பிறகுதான் அனுப்பினேன்.